முப்பத்தெட்டாவது ஆள்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெங்களூரை ஒட்டியிருக்கும் ஒரு சிறைச்சாலையில் நடந்தது. எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் உள்ளே இருக்கிறவர்களுக்கும் என்னால் புதிதாக ஒரு தொல்லை வேண்டாம். நான் கைதியாகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லிங்கராஜபுரம் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் இன்னமும் "என்ன டீச்சர், இன்னைக்கு ஜெயிலா வீடா?" என்றுதான் கேட்கிறார்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெண்கள் பள்ளியில் முப்பத்துநாலு வருடம். சிறைகளுக்குள் போய்ப் பார்க்கப் பொதுமக்களில் சிலரை அரசாங்கம் நியமிக்கும். அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை, உறவுக்காரரும் இல்லை. சாப்பாடு எப்படி இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, மருந்து கிடைக்கிறதா, யாருக்காவது குறை உண்டா என்று பார்த்துவிட்டு, அங்கிருக்கும் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒரு வக்கீல் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர், "முப்பத்துநாலு வருஷம் பிள்ளைங்கள அடைச்சு வச்சது பத்தலையா உனக்கு?" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன, அதற்கு முந்தின நாள் என்னென்ன தில்லுமுல்லு நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு காரியம் செய்துவந்தேன் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. நான் முந்தின நாளே போன் பண்ணிவிடுவேன். ஒருத்தர் வீட்டுக்குப் போவதென்றாலே சொல்லிவிட்டுத்தானே போகிறோம், அதுதானே மரியாதை என்று எனக்கு ஒரு எண்ணம். அந்தச் செவ்வாய்க்கும் திங்களன்றே போன் பண்ணிவிட்டேன்.

போனபோது பதினொரு மணி இருக்கும். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். பெண்கள் பகுதிக்குப் பொறுப்பான வார்டர் அம்மா வந்து கூட்டிப் போனார். நாற்பது வயதிருக்கும். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாக வரும். என்னோடு பேசும்போது இரண்டையும் கலந்துதான் பேசுவார். வழக்கமாகக் கலகலப்பானவர். அன்றைக்கு என்னவோ முகம் சரியில்லை. வீட்டில் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பெண்கள் பகுதியின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் சாக்பீஸால் கணக்கு எழுதுவார்கள். அன்றைக்கு எழுதியிருந்தது: மொத்தம் நாற்பத்தொன்று, கோர்ட்டுக்குப் போனவர்கள் மூன்று, ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை, உள்ளே முப்பத்தெட்டு.

எனக்குத் தலை எண்ணும் பழக்கம் உண்டு. எக்ஸ்கர்ஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் வந்த வியாதி. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எண்ணுவேன். உள்ளே வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்திருந்தார்கள். வணக்கம் சொன்னபடியே எண்ணினேன். முப்பத்தேழு. திரும்பவும் எண்ணினேன். முப்பத்தேழுதான்.

"ஒண்ணு குறையுதே" என்றேன்.

"ஸ்நான மாடுத்தித்தாரே மேடம், ஈக பர்த்தாரே" என்றார் வார்டர் அம்மா. குளிக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று அர்த்தம்.

சரி என்று விட்டுவிட்டேன். சமையல் பார்த்தேன், சாம்பாரை ஊற்றிக் குடித்துப் பார்த்தேன், புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். குளியலறைப் பக்கம் போய்க் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. கேட்டால், தண்ணீர் காலையில் ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான் விடுகிறார்கள், அதற்குள் எல்லாரும் குளித்துத் துவைத்து முடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இதை எழுதவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து பேசினேன். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். நாள் முழுக்க ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், கொஞ்சம் சிரித்தால் நல்லதுதானே என்று, என்னிடம் ஒரு கதை இருக்கிறது, அதை எடுத்துவிட்டேன். பல பிரிவுபசார விழாக்களில் கைதட்டு வாங்கின கதை.

கதை இதுதான். ஒரு வருடம் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் திக்குவாய். அதிகாரி எழுப்பிக் கேள்வி கேட்டால் அரைமணி நேரம் ஆகும். அதனால் அவளை லேப் ரூமுக்குள் உட்காரவைத்து, டெஸ்ட் டியூபை எல்லாம் எண்ணிவை என்று சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டோம். அதிகாரி வந்தார், எல்லாப் பிள்ளைகளும் கடகடவென்று பதில் சொன்னார்கள், பாராட்டி எழுதிவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம்தான் எங்களுக்கு அவள் ஞாபகமே வந்தது. ஓடிப்போய்த் திறந்தால், அந்தப் பிள்ளை அத்தனை டியூபையும் மூன்று முறை எண்ணிச் சீட்டு எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய திக்கலை நடித்துக்காட்டி நான் சொல்லும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அன்றைக்கும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எனக்குக் குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. வார்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கதை அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன்.

ஆபீசுக்கு வந்தேன். சிறையின் மேலதிகாரி தங்கமான மனுஷர், காபி வரவழைத்தார். ஒவ்வொரு முறையும் கேட்பதுபோல என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். புத்தகத்தைத் திறந்து எழுதினேன். உணவு திருப்தி. தண்ணீர் காலையில் மட்டும் வருகிறது, மாலையிலும் விட ஏற்பாடு செய்யவும். மற்றபடி குறைகள் எதுவும் இல்லை. கையெழுத்து, நேரம். போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறினேன்.

ஜன்னலோர இடம் கிடைத்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் சௌகரியம்தான், ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி ஒரு அரிப்பு. கைப்பையைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி இருக்கிறது, குடை இருக்கிறது, சாவி இருக்கிறது. மூடினேன். இரண்டு நிறுத்தம் தாண்டித் திரும்பவும் திறந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பஸ்ஸில் இருந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள் யாராவது இறங்கினார்கள், யாராவது ஏறினார்கள், முதலிலிருந்து எண்ணினேன். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே எரிச்சல்.

வீட்டுக்காரர் போன் பண்ணினார். சாப்பிட வருகிறாயா, நான் சாப்பிடட்டுமா என்று கேட்டார். ஒரு பேச்சுக்கு, சிறையில் இன்றைக்கு என்ன பார்த்தாய் என்றார். அங்கே தண்ணீர் எட்டு மணியோடு நின்றுவிடுகிறது, பாவம், அதற்குப் பிறகு குளிக்கக்கூட முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடுகிறது. நான் போனது பதினொரு மணிக்கு. அந்தக் குழாயை என் கையால் திருகிப் பார்த்தேன், அதில் காற்று வந்தது. அதைப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன். அப்படியானால் அந்த முப்பத்தெட்டாவது பெண் எந்தத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தாள்?

"ஹலோ, ஹலோ" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வார்டர் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. மரத்தடியில் அத்தனை பேரும் சிரித்தபோது அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. அவருக்குக் கதை நன்றாகப் புரிந்திருக்கிறது. புரியாதது எனக்குத்தான். லேப் ரூமில் ஒரு பிள்ளையை வைத்துப் பூட்டினவள் நான். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவளும் நான். அதையே இன்னொருவர் எனக்குச் செய்தபோது காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இருந்தாலும் உடனே இறங்கிவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்னும் மூன்று நிறுத்தம் உட்கார்ந்தே இருந்தேன். ஒருவேளை வாளியில் தண்ணீர் பிடித்துவைத்துக் குளித்திருக்கலாம். ஒருவேளை கழிவறைக்குப் போயிருக்கலாம், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படிச் சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய், ஒன்றுமில்லை என்று தெரிந்தால் என்ன மரியாதை மிஞ்சும்? இந்தக் கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசுவார்கள். அந்த அதிகாரி இனிமேல் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பாரா? இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். பிறகு ஒரு சிக்னலில் பஸ் நின்றது. எழுந்துபோய்க் கண்டக்டரிடம் கதவைத் திறக்கச் சொன்னேன். இங்கே ஸ்டாப் இல்லை என்றார். நான் தலைமையாசிரியைக் குரலில் ஒரு முறை சொன்னேன். திறந்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து வந்து சேர இரண்டரை ஆகிவிட்டது. வாசலில் இருந்த காவலர், என்ன மேடம் மறந்துட்டீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மைதானே. அடையாள அட்டையை நீட்டி, பெண்கள் பகுதியை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்றேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். மழை வலுத்துவிட்டது. அங்கே ஒரு சுவர்க் கடிகாரம். மூன்று ஆயிற்று, மூன்றேகால் ஆயிற்று. மறுபடி கேட்டேன், மறுபடி அதே பதில். சாயங்காலம் உள்ளே எல்லாரையும் எண்ணி அறைகளில் அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு என்னை விடமாட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்பார்கள். நாளைக்கு வந்தால் முப்பத்தெட்டும் சரியாக இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளியிலும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில்தான் இருந்தார்கள்.

மூன்றரைக்கு அதிகாரியே வந்தார். அதே சிரிப்பு. காலையில்தான் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே மேடம், திரும்பவும் எதற்கு இந்த மழையில் என்றார். சண்டை போட எனக்கு நன்றாக வரும், ஆனால் நல்லபடி நடத்துகிறவரிடம் சண்டை போடுவது கஷ்டம். "நான் எழுதினது தப்பு சார்" என்றேன். "ஒரு ஆளைப் பார்க்காமலே பார்த்ததா எழுதிட்டேன். அந்த ஒரு ஆளைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

அவர் சிரிப்பு நின்றது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வார்டர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்தார். என்னைப் பார்த்ததும், நான் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னாலேயே, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

தையல் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உடைந்த மெஷின்களைப் போட்டுவைக்கும் இடம். காலையில் நான் கதை சொன்ன வேப்பமரத்திலிருந்து கூப்பிடு தூரம். கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் ஏறியது. தரையில் ஜமக்காளத்தில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தவள், கிருஷ்ணகிரிக்காரி என்று பிறகு தெரிந்தது. என்ன கேஸ் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை, அவளிடமும் கேட்கவில்லை. சர்க்கரை வியாதி. இடது காலில் துணி சுற்றியிருந்தது. விலக்கிப் பார்த்தால் கால் வீங்கி, இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

தமிழில் கூப்பிட்டேன். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிலைக்க நேரமாயிற்று.

"காலைல வந்தது நீங்கதானே? உங்க சிரிப்பு கேட்டுச்சு" என்றாள்.

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அடையாளம் கண்டுகொண்ட குரலில்தான் சொன்னாள். அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முழங்கால் அப்படி மடங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வார்டர் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சிறை டாக்டர் வெள்ளிக்கிழமையே பார்த்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று எழுதிவிட்டார். ஆனால் கைதியை வெளியே அனுப்ப எஸ்கார்ட் போலீஸ் வர வேண்டும். வார்டர் அம்மா எழுதி அனுப்பினார், ஆள் இல்லை என்று பதில் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள், அதே கதை. கோர்ட்டுக்கு ஆள் வருகிறது, ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் சண்டை போட்டார்கள், அதனால் இந்த அறைக்கு மாற்றினார். இன்றைக்கு விசிட்டர் வருகிறார் என்று தெரிந்ததும் பயந்துபோய் அறையைப் பூட்டிவிட்டார். பார்த்தால் எழுதுவார்கள், எழுதினால் பழி கடைசியில் தன் தலையில்தான் விழும் என்று. "போர்டுல நான் சுள்ளு எழுதல மேடம்" என்றார். சுள்ளு என்றால் பொய். அது நிஜம்தான். போர்டில் முப்பத்தெட்டு என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரி என்று ஒரு ஆளைக் கூட்டி எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்தேயிருக்கமாட்டேன். அதைச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் படுவது என்று தெரியாமல் அந்தக் கோபம் அந்த அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதிகாரியிடம், வண்டி கிளம்புகிற வரைக்கும் நான் இங்கிருந்து நகரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போனை எடுத்தார். ஒரு இடத்தில் இல்லை என்றார்கள், இன்னொரு இடத்தில் நாளைக்கு என்றார்கள். மூன்றாவது போனில் அவர் குரலே மாறிவிட்டது. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பெண் போலீஸ் வருவதாகச் சொன்னார். அது வருகிறவரை நான் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே இருந்தேன். வார்டர் அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டார்.

ஐந்தேமுக்காலுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். விடச் சொல்ல எனக்கு மனசில்லை, போலீஸ்காரப் பெண்தான் மெதுவாக விரலைப் பிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு புத்தகம். அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். தனித் தாளில் எழுதிக் கொடுங்களேன் மேடம், மேலே அனுப்பிவிடுகிறேன், ஒரே பக்கத்தில் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்றிருந்தால் உங்களுக்கே நன்றாக இருக்காது என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு நன்றாக இருக்காதுதான். அதற்காகவே அதே பக்கத்தில் எழுதினேன். காலையில் நான் எழுதியது தவறு, ஒருவரைப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று தொடங்கினேன். வார்டர் அம்மாவிடம், எஸ்கார்ட் கேட்டு அனுப்பின கடிதங்களின் நகல் இருக்கிறதா என்று கேட்டேன். நாலையும் எடுத்துவந்தார். நாலின் தேதியையும் எழுதி, இவர் கேட்டார், ஆள் அனுப்பப்படவில்லை என்று எழுதினேன். அந்த அறையில் பூட்டிவைத்ததையும் எழுதினேன். அதை விட்டுவிடச் சொல்லி அவர் கையெடுத்துக் கும்பிட்டார். விடவில்லை. அன்றைக்கு அந்த அம்மாளுக்கு என்மேல் வருத்தம்தான். விசாரணை வந்தது, அந்த நாலு கடிதம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரிக்கென்று தனியாக எஸ்கார்ட் தருவதாக மேலேயிருந்து ஒரு உத்தரவும் வந்தது. சில வாரம் ஒழுங்காக நடக்கிறது, சில வாரம் இல்லை. நடக்காத வாரம் புத்தகத்தில் எழுதுகிறேன்.

வீடு வந்தபோது வீட்டுக்காரர் இன்னும் சாப்பிடாமல் காத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த லேப் ரூம் கதைய இனிமே சொல்லாதே" என்றார். அந்தக் கதை அவருக்கு எப்போதுமே பிடிக்காதாம். இத்தனை வருடத்தில் இதை இப்போதுதான் சொல்கிறார்.

மூன்று வாரம் கழித்து அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பிவிட்டது, உயிரும் தப்பிவிட்டது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், போதும் சார் என்று நிறுத்திவிட்டேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் அத்தனை நாளும் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன். நான் மரத்தடியில்தானே இருந்தேன், என் குரல் கேட்டதே, ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே அம்மா என்று.

"கூப்ட்டேன் டீச்சர்" என்றாள். "ரெண்டு வாட்டி கூப்ட்டேன். அப்ப நீங்க ஏதோ கதை சொல்லிட்டிருந்தீங்க. எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க."

பிஸ்கட்டை என் பக்கம் நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இப்போது நான் போன் பண்ணிவிட்டுப் போவதில்லை. பெண்கள் பகுதிக்குள் நுழைந்ததும், வணக்கம் சொல்வதற்கும் தலை எண்ணுவதற்கும் முன்னால், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். எல்லாரையும் அப்படியே நிற்கச் சொல்கிறேன். வார்டர் அம்மாவும் என் பக்கத்தில் நிற்கிறார். காக்கை கத்தும், சமையற்கட்டில் பாத்திரம் உருளும், வேறொன்றும் கேட்காது. முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளைப் பேசாதே பேசாதே என்று அதட்டிவந்தவள் நான். என் சிரிப்புக்கு அடியில் யாரோ இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான், அந்த வார்த்தையை எனக்கே சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.